மண் இறுகுவதற்குள்

ஆர்டித் பெல்னாப் எந்தக் காரியத்தையும் தள்ளிப்போட்டு நான் பார்த்ததில்லை. முப்பத்தைந்து வருஷம் எங்கள் ஊர் ஸ்கூல் பஸ்ஸை ஓட்டிய பெண்மணி. காலை ஏழு பத்துக்கு எங்கள் வாசலில் ஹாரன் அடிப்பார். ஏழு பதினொன்றுக்கு நான் ஒற்றைக் கால் ஷூவோடு பஸ்ஸின் பின்னால் ஓடிக்கொண்டிருப்பேன். இன்று எனக்கு ஐம்பத்தெட்டு வயது, அவருக்கு எழுபத்தாறு. இப்போதும் நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தினால், "பின் சீட்டுல என்ன சத்தம், லூசியன்?" என்பார். நானும் வாயை மூடிக்கொள்வேன். பழக்கதோஷம்.

அப்பேர்ப்பட்டவர் போன வருஷம் ஒரு குழி விஷயத்தில் என்னை ஏழு வாரம் இழுத்தடித்தார்.

நான் எதிர்ப்பண்ணைக்காரன். என்னிடம் ஒரு பழைய ஜேசிபி இருக்கிறது. அமெரிக்காவில், வெர்மான்ட்டின் வடகோடியில் குழி வெட்ட ஜேசிபி வைத்திருப்பவனுக்கு ஊரில் பாதிப் பேருடைய துக்கம் தெரிந்திருக்கும். ஆகஸ்ட் கடைசியில் ஆர்டித் போன் செய்தார்.

"கால்நடை டாக்டர் பொண்ணு வந்து ஹேசலைப் பாத்துட்டுப் போச்சு. பல்லு ஒண்ணுகூட இல்லையாம். இடுப்பும் போச்சாம். பனியில வழுக்கி விழுந்தா எந்திரிக்காதாம். குளிர்ல மண்ணு உறைஞ்சு இறுகுறதுக்குள்ள முடிச்சிடணும்னு சொல்றா. மேல் வயல்ல, ஆப்பிள் மரத்துக்கு அந்தாண்ட தோண்டு. ஆழமா தோண்டு."

ஹேசல் அவருடைய பெண்குதிரை. முப்பத்திரண்டு வயது. குதிரைக்கு அது மனிதர்களின் தொண்ணூறு மாதிரி. தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கிக் கொடுத்தால்தான் இறங்கும். அதை ஒரு நாளைக்கு மூன்று வேளை செய்துகொண்டிருந்தார். எங்கள் பக்கம் இது எல்லோருக்கும் தெரிந்த முறைதான். கிழட்டுக் குதிரையை இன்னொரு குளிர்காலத்துக்குள் தள்ளிவிட்டு, ஜனவரியில் அது பனியில் விழுந்து கால் உதைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. நல்ல வெயிலாக ஒரு நாள் பார்த்து, வயிறு நிறையக் கொடுத்து, ஊசி போட்டு அனுப்பிவிட வேண்டும்.

நான் மறுநாளே தோண்டிவிட்டேன்.

"என்னைக்கு?" என்றேன்.

"பீன்ஸ் முடியட்டும். ஜாடியில அடைக்கிறதுக்கு இன்னும் ரெண்டு கூடை கிடக்கு."

பீன்ஸ் முடிந்தது. இரண்டாம் புல் அறுப்பு முடியட்டும் என்றார். அதுவும் முடிந்து கட்டெல்லாம் லாயத்து மாடிக்கு ஏறியது. தக்காளி இருக்கிறதே என்றார். தக்காளிக்குப் பிறகு ஆப்பிள். செப்டம்பர் கடைசியில் முதல் உறைபனி விழுந்து பூசணி இலையெல்லாம் ஒரே ராத்திரியில் கறுத்துத் தொங்கியது. அன்றைக்குக் காலையில் டாக்டர் கிளம்பிவிட்டாள், நானும் வண்டியில் ஏறிவிட்டேன். அப்போது போன் வருகிறது: "இன்னைக்கு வேண்டாம் லூசியன். பாவம், வெயில் காயுது."

எனக்கு எரிச்சல் வந்தது. இவர் யார்? ஆறு வருஷத்துக்கு முன்னால் கணவர் மெரில் ஜனவரியில் இறந்தார். ஜனவரியில் மண் உறைந்து பாறையாகிவிடும்; அப்போது போனவர்களை இங்கே மே மாதம்தான் புதைக்க முடியும். அதுவரை கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில் சவப்பெட்டி காத்திருக்கும். மே மாதம் அந்தக் குழியை வெட்டியவனும் நான்தான். ஆர்டித் சொன்ன நேரத்துக்கு வந்தார், எல்லோருக்கும் நன்றி சொன்னார், மத்தியானம் தக்காளி நாற்று நட்டார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இரும்பு மனுஷி என்று ஊரே பேசியது. அந்த இரும்பு மனுஷி ஒரு குதிரைக்காகவா இப்படி?

அக்டோபர் முதல் வாரம் தண்ணீர்த் தொட்டியில் மெல்லிசாக ஐஸ் கட்டியிருந்தது. நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று போனேன். அவர் பூசணிக்காய் பறித்துக்கொண்டிருந்தார்.

"ஆர்டித், குழியில தவளை குடும்பம் நடத்துது."

"நடத்தட்டுமே. உனக்கென்ன வாடகையா வரணும்?"

"விளையாட்டு இல்லீங்க. ரெண்டு தரம் தண்ணி இறைச்சுட்டேன். டாக்டர் எனக்கு போன் பண்றாங்க. மனசு வராதுதான், புரியுது. ஆனா அது விழுந்துச்சுன்னா..."

"மனசு வரலைன்னு உன்கிட்ட யாரு சொன்னா?" நிமிர்ந்தார். "அது கஷ்டப்படாமப் போகணும். அது எனக்குத் தெரியாதா? பிரச்சினை ஹேசல் இல்லடா. அதோ நிக்கறானே, அவன்."

வேலி ஓரத்தில் செனட்டர் நின்றுகொண்டிருந்தது. அது அவர் வீட்டுக் கழுதை. மெரில் வைத்த பேர். ஏதோ முக்கியமாகச் சொல்லப் போவது போல் எப்போதும் முகத்தை வைத்துக்கொண்டிருக்கும், ஒரு வேலையும் செய்யாது, அதனால் அந்தப் பேர். பதினெட்டு வருஷமாக அது ஹேசலை விட்டுப் பத்தடி தள்ளி நின்றதில்லை.

"ரெண்டு நாள் ஹேசலை ஆஸ்பத்திரியில வெச்சிருந்தமே, ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? கத்தின கத்துல எங்க வீட்டுல ஒருத்தரும் தூங்கல."

"வேலியை உடைச்சுட்டு ரோடு வரைக்கும் போயிட்டான், தேடிக்கிட்டு. அது வெறும் ரெண்டு நாள். இப்போ? காலையில கதவைத் திறந்தா வந்து என் மூஞ்சியப் பாப்பான், எங்கேன்னு. நான் என்னடா சொல்லுவேன் அவன்கிட்ட?"

அவர் குரல் நடுங்கியது. நான் அதைக் கேட்டதே இல்லை. என் எரிச்சலெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

என் அப்பா குதிரை ஜோடி வைத்துக் காட்டில் மரம் இழுத்தவர். அவர் செய்வதைச் சொன்னேன். "ஜோடியில ஒண்ணு செத்தா, மத்ததைக் கூட்டிட்டு வந்து பக்கத்துல விட்டுருவாரு. அது மோந்து பாக்கும், மூக்கால இடிச்சுப் பாக்கும். அதுவா விலகிப் போற வரைக்கும் யாரும் கிட்டப் போகக் கூடாது. பாக்க விடாம இழுத்துட்டுப் போனாத்தான் மாசக்கணக்கா கத்தும்."

"பாத்துட்டா போதுமா? வருத்தம் போயிடுமா?"

"வருத்தம் போகுமான்னு எனக்குத் தெரியாது. ஆனா தேடாது."

ஆர்டித் ஒரு பூசணிக்காயைக் குழந்தையை வைத்துக்கொள்வது போல் இடுப்பில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு, "புதன்கிழமை பத்து மணி," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

புதன்கிழமை பத்து மணிக்கு நாங்கள் எல்லோரும் மேல் வயலில் இருந்தோம். மேப்பிள் மரங்கள் மலைச்சரிவு முழுக்கச் சிவந்து நின்றன. நல்ல வெயில். ஆர்டித் விடியற்காலையே எழுந்து ஹேசலுக்குப் பிடரி வாரி, ஆப்பிளை வேகவைத்து மசித்து, வெல்லப்பாகு ஊற்றி ஒரு வாளி நிறையக் கொடுத்திருந்தார். மூக்கெல்லாம் பாகு ஒட்டியிருந்தது. அவர் அதன் நெற்றியில் நெற்றியை வைத்துக்கொண்டார். டாக்டர் ஊசி போட்டாள். ஹேசல் முன்கால் மடித்து, அசந்து படுப்பது போலத்தான் படுத்தது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, தலையசைத்தாள். ஆர்டித்தை அணைத்துவிட்டு அடுத்த வேலைக்குக் கிளம்பினாள்.

நான் வேலிக் கதவைத் திறந்துவிட்டேன். செனட்டர் நேராக வந்தது. முகர்ந்தது. காதிலிருந்து வால் வரை ஒரு இடம் விடாமல் முகர்ந்தது. மூக்கால் கழுத்தை இடித்தது. எழவில்லை என்றதும் பிடரியைப் பல்லால் கவ்வி இழுத்தது. பிறகு ஒரே ஒரு தரம், பாதிக் கத்தல் கத்தியது. அப்புறம் ஹேசலின் முதுகுப் பக்கம் போய்த் தலையைத் தொங்கவிட்டு நின்றுவிட்டது.

அது விலகிப் போக அரை மணி நேரம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். ஒரு மணி நேரம் ஆனது. மேற்கே மேகம் கட்டியது. நான் ஜேசிபி சீட்டில் நெளிந்தேன். ஆர்டித் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமலே கையை உயர்த்தி, பொறு என்றார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து செனட்டர் ஒரு பெருமூச்சு விட்டது. திரும்பியது. பத்தடி நடந்து, தலையைக் குனிந்து, புல்லைக் கடித்தது. மேய்ந்துகொண்டே கீழ்ப்பக்கம் போனது. திரும்பிப் பார்க்கவில்லை.

நான் இறங்கி அவரிடம் போனேன். "நான் சொன்னேன்ல? இனி தேடாது," என்றேன், ஏதோ நானே சாதித்தது மாதிரி.

"ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்தப்போ ரோடு பூரா பனி," என்றார் ஆர்டித்.

மெரிலைப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"மூணு நாள் கழிச்சுத்தான் போக முடிஞ்சுது. பெட்டியைத் திறக்கட்டுமா, பாக்கறீங்களான்னு கேட்டாங்க லூசியன். மரியாதையாத்தான் கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன். இருட்டறதுக்குள்ள வந்து இதுங்களுக்குத் தண்ணி வெக்கணும், வாளியெல்லாம் உறைஞ்சு கிடக்கும்னு சொன்னேன். கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்."

"ஆறு வருஷம் ஆச்சு. இப்பவும் சாயங்காலம் மேட்டுல அவர் வண்டி மாதிரி ஏதாவது டிரக் கியர் மாத்தற சத்தம் கேட்டா, எந்திரிச்சுப் போய் ரெண்டு பேருக்குக் காபி போட்டுடறேன்."

அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஆர்டித் அழுதார். வாய்விட்டு, மெரில் மெரில் என்று பேரைச் சொல்லி, மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி அழுதார். செனட்டர் கீழே இருந்து ஒரு தரம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது. மழை தூறியது. நான் எந்திரத்தைக் கிளப்பவில்லை. அவராகப் போதும் என்று எழுந்திருக்கும் வரை அங்கேயே நின்றேன்.