மெத்தென்ற ஷாக்

சலூன்காரருக்கு இரண்டு குடும்பம் என்று தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். ஒன்று, மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்க்கும் மனைவி. இன்னொன்று, வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அதில் இரண்டே இருக்கை. உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி அத்தனை தாழ்வு. அவர் வாங்கும்போதே அது பழசுதான்.

"சக்களத்தியைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றாள் மனைவி அன்றைக்கு.

"ஆனை படுத்தாலும் குதிரை மட்டம்டி," என்றார் அவர்.

குழந்தை இல்லை. கடை விடுமுறை என்றால் இருவரும் ஏரிக்கரைச் சாலையில் ஒரு சுற்று போய் வருவார்கள். வளைவு வந்தால் அவர் முகத்தில் பத்து வயசு குறையும். அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு முதுகுவலி வந்தது. வந்தது போகவில்லை. பரிசோதனை முடிந்ததும் மருத்துவர் அவளையும் நாத்தனாரையும் தனியே அழைத்தார். புற்று முதுகெலும்பு வரை பரவிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி, குலுங்கல் அதிர்ச்சி எதுவும் ஆகாது என்றார்.

வராந்தாவிலேயே நாத்தனார் முடிவு கட்டினாள். "என் தம்பிக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அன்னைக்கே பாதி உயிர் போயிடும்."

வாயுப்பிடிப்பு என்று அவரிடம் சொன்னார்கள். "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டார். மறு கேள்வி இல்லை.

அந்தச் சமயம் பார்த்துக் காரும் படுத்தியது. சின்னப் பள்ளம் என்றாலும் 'தடார்' என்று இடித்தது. மெக்கானிக் முன்பக்க மூலையை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார். ஒரு தடவை எழும்பி நிற்க வேண்டிய வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது.

"குலுக்கலைத் தாங்கறது நாலும் போச்சு அண்ணே. முன்னாடி ஸ்ட்ரட் ரெண்டு, பின்னாடி ஷாக் ரெண்டு. உள்ள இருந்த எண்ணெயெல்லாம் வெளியே."

"சரி, இந்தத் தடவையாவது அந்த விறைப்பான செட்டை வரவழைச்சுடு," என்றார் சலூன்காரர். அது அவருடைய வெகுநாள் ஆசை. அதைப் போட்டால் வண்டி வளைவில் தரையோடு ஒட்டிக்கொண்டு போகுமாம்.

பள்ளத்தில் இறங்கினால் அதே விறைப்பு நேராக முதுகில் வந்து இறங்கும். இது அவளுக்குப் புரிந்தது. மறுநாள் வேலை முடிந்து தனியாகப் பட்டறைக்குப் போனாள்.

"தம்பி, மெத்துன்னு இருக்கறதா போட்டுடுங்க. விறைப்பானது கிடைக்கலைன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க."

"ஒரே வளைவுல கண்டுபிடிச்சுடுவாரு அக்கா."

"விறைப்பைத் தேவைக்குத் தகுந்த மாதிரி கூட்டிக் குறைச்சுக்கறது ஏதும் இல்லையா?"

"இந்த மாடலுக்கு அது வர்றதே நின்னு போச்சு. ரெண்டு செட்டையும் வரவழைக்கிறேன். அவரே பார்த்து எடுக்கட்டும்."

சாமான் வந்ததும் இருவரும் போனார்கள். மேசைமேல் இரண்டு செட்டும் இருந்தன. சலூன்காரர் விறைப்பானதைத் தூக்கித் தண்டை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். அது முரண்டு பிடித்தபடி மெல்ல இறங்கியது. சிறிது நேரம் அதையே பார்த்திருந்துவிட்டுக் கீழே வைத்தார்.

"மெத்துன்னு இருக்கறதையே மாட்டுப்பா."

"இத்தனை வருஷமா இதைத்தானே கேட்டீங்க அண்ணே?"

"கேட்டேன். இனிமே இந்த முதுகு தாங்காது."

"ஏன் தாங்காது? வாயுப்பிடிப்புதானே," என்று அவள் அவசரமாகக் குறுக்கிட்டாள். மெக்கானிக் ஜாக்கி எடுக்கிற சாக்கில் வெளியே போனார்.

"நாள் பூரா கண்ணாடியில ஆளுங்க முகத்தைப் பார்த்துப் பிழைக்கறவன் நான்," என்றார் அவர் தணிந்த குரலில். "என் பொண்டாட்டி முகம் எனக்குத் தெரியாதா?"

"எப்போலேர்ந்து தெரியும்?"

"அக்கா இனிப்பு வாங்கிட்டு வந்தாளே, அன்னைக்கே. சர்க்கரை வியாதின்னு எனக்கு வெல்லக்கட்டியைக் கூடக் கண்ணுல காட்டாதவ, டப்பா நிறையக் கொண்டுவந்து தின்னு தின்னுன்னா."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"மறைக்க அவ்வளவு பாடுபட்டியே. அதைக் கெடுக்க மனசு வரலை."

பழைய டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார முயன்றார். முதுகு விடவில்லை. நின்றபடியே அவள் தலைமேல் கை வைத்துக்கொண்டார்.

மாட்டி முடித்ததும் ஏரிக்கரைப் பக்கம் போனார்கள். முதல் வளைவிலேயே வண்டி சாய்ந்தது.

"படகு மாதிரி ஆடுது. இதுக்கு ஸ்போர்ட்ஸ் கார்னு பேரு வேற!" என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது. ரயில்வே கேட் வந்தது. தண்டவாளத்தில் ஏறும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்கலை," என்றார்.

அப்புறம் வந்த வாரங்களில் வீட்டில் பொய் இல்லை. கடையை யாரிடம் விடுவது, பயமாக இருக்கிறதா என்று எல்லாமே பேசினார்கள். இருக்கிறது என்றார். தனக்கும் என்றாள். அத்தனை தாழ்ந்த இருக்கையில் இறங்கி ஏற முடியாமல் போனதோடு கார்ச் சவாரி நின்றது. கடைசியில் அவள் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே அவரைச் சேர்த்தார்கள்.

ஒரு மதியம் கீழே சமையலறையில் அண்டா கழுவிக்கொண்டிருந்தவளை மேல்மாடி வார்டுக்கு வரச் சொன்னார்கள். ஈரக் கையோடு ஓடினாள். அதற்குள் முடிந்துவிட்டது.

காரை மெக்கானிக்கே வாங்கிக்கொண்டார். வாசல் வெறிச்சோடிக் கிடந்தது. சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து தயங்கி நின்றார்.

"இங்க நிறுத்திக்கலாமாம்மா?"

"நிறுத்திக்குங்க," என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அழுதாள்.