தொட்டியில் பவளம் செத்த மே மாதம்

2025 ஜூன் 8, ஞாயிறு. ஐந்து பத்துக்கு எழுந்தேன். மோட்டார் பதினோரு நிமிடம் ஓடியது. மேல்தொட்டி முக்கால் அளவு. பால் ஐந்து நாற்பதுக்கு வந்தது. மாடியில் வெப்பம் இருபத்தொன்பது. காபி முடிந்ததும் பரணைச் சுத்தம் செய்ய ஏறினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யும் வேலை, இந்தத் தடவை ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தது. மூலையில் மூடி இறுகிய வெள்ளை வாளி ஒன்று இருந்தது, ஒவ்வொரு தடவையும் திறக்காமலே துடைத்து வைப்பது. திருகித் திறந்ததும் கடல் வாசம் அடித்தது.

அருப்புக்கோட்டையில் கடல் வாசம் அடிக்க ஒரு நியாயமும் கிடையாது. உப்பு இங்கேயும் உண்டுதான். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. துவைத்த துண்டு அட்டை மாதிரி விறைத்து நிற்கும். ஆனால் அது வாசமில்லாத உப்பு. வாளியில் இருந்தது பவளத் தொட்டிக்காக வாங்கிய கடல் உப்பு, ஈரம் பட்டுக் கட்டியாகிக் கிடந்தது. ஏணியில் நின்றபடியே முகர்ந்தேன்.

இளவயதில் நான் ஒரு சாயப்பட்டறையில் சாயம் நிறுத்துக் கொடுத்தேன். அரை கிராம் கூடினால் சிவப்பு செங்கல் நிறமாகிவிடும். நெசவாளி நூலைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுவார். அங்கே பிடித்த வியாதிதான் எதையும் அளந்து, தேதி போட்டு எழுதுவது. பிறகு நூல் டிப்போவுக்கு வேலை மாறியும் வியாதி மாறவில்லை. “இவுக கனாக் கண்டாக்கூட நேரம் போட்டுத்தான் காண்பாக” என்று என் மனைவி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள்.

அப்படிப்பட்டவனுக்குப் பவளத் தொட்டியைப் போலப் பொருத்தமான பொழுதுபோக்கு வேறில்லை. மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, கூடத்தின் வடக்குச் சுவர் ஓரம். பவளம் என்றதும் யாரோ கடலில் உடைத்து வந்தது என்று நினைக்க வேண்டாம். அதைத் தொட்டாலே குற்றம். இவை தொட்டியிலேயே வளர்த்த மென்பவளங்கள், சென்னையிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் வந்தவை. உள்ளங்கை அளவுக்கு விரிந்து விரல்களை ஆட்டும் தோல்பவளம் ஒன்று, பச்சைப் பொத்தான்களைக் கொட்டியது போல ஒரு கொத்து. இரண்டு ஆரஞ்சு மீன்கள், ஒரு இறால், ஆறு நத்தைகள். உப்பு, காரம், சுண்ணாம்பு, நைட்ரேட் எல்லாவற்றுக்கும் குப்பியும் சொட்டு மருந்தும் உண்டு. காலை ஆறரைக்கு அளந்து, தொட்டி நோட்டில் கட்டம் போட்டு எழுதுவேன்.

மே மாத வெயிலில் அந்தத் தொட்டி தினம் நாலு லிட்டர் தண்ணீரைக் காற்றில் விடும். உப்பு ஆவியாகாது, அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் ஆகாது. நாங்கள் குடிக்க வாங்கும் கேன் தண்ணீரையே ஒரு நீல டிரம்மில் நிரப்பி வைத்திருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முந்தைய மே மாதம் அது. மகள் மலர் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள், எட்டாம் மாதம். அவள் வந்த ஐந்தாம் நாள் நத்தை ஒன்று கண்ணாடியிலிருந்து உதிர்ந்து மல்லாந்து கிடந்தது. மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் இறால் பக்கவாட்டில் சுழன்று சுழன்று நின்றது. பொத்தான்கள் மூடிக்கொண்டன. தோல்பவளம் முகத்தைத் திருப்பிக்கொண்டவர் போலச் சுருங்கிப் பழுப்பானது.

நோட்டைப் பார்த்தேன். எல்லா எண்களும் சரி. எண் தப்பாக இருந்தால் திருத்தலாம். எண்கள் ஒழுங்காக இருக்கும்போதே சாவு வருகிறது என்றால் எங்கே கை வைப்பது? தொட்டித் தண்ணீரில் கால் பங்கை எடுத்துவிட்டுப் புதிதாக உப்புக் கரைத்து ஊற்றினேன். நிலைமை மோசமானது. மறுபடியும் மாற்றினேன். இன்னும் மோசமானது. காற்றில் ஏதோ கலக்கிறது என்று சாம்பிராணியை நிறுத்தினேன், கொசுவர்த்தியை நிறுத்தினேன், பினாயில் புட்டியைத் தெருக் கேட்டுக்கு வெளியே வைத்தேன்.

“மூச்சு விடலாமா, இல்ல அதுக்கும் நோட்டுல கட்டம் இருக்கா?” என்றாள் மனைவி.

நான் சிரிக்கவில்லை. பயந்தவன் வீட்டில் இருந்தால் மற்றவர்கள் நுனிக்காலில் நடப்பார்கள். எங்கள் வீடு அப்படி ஆகியிருந்தது.

ஒரு மத்தியானம், சாப்பிட்டபின், தொட்டி நோட்டுக்குப் பக்கத்தில் என் நாட்குறிப்பையும் விரித்து வைத்தேன். வீட்டில் என்ன நடந்தது என்று நாள்வாரியாகப் பார்க்கலாம் என்ற எண்ணம். நத்தை உதிர்ந்த நாளுக்கு நேரே என் கையெழுத்தில் இருந்தது: ‘மலருக்குக் காலையில் வாந்தி.’ இறால் சுழன்ற நாளில்: ‘மலர் சாப்பிடவில்லை. வயிற்றுப் பிரட்டல்.’ தண்ணீர் மாற்றிய இரண்டு நாளும் வாந்தி.

விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. அதை விரலால் அழுத்திப் பிடித்து மறுபடி வாசித்தேன். தொட்டிக்கும் மகளுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: கேன் தண்ணீர். நத்தையைக் கொல்வது எதுவோ, அதைத்தான் எட்டாம் மாதத்தில் அவளும் குடித்துக்கொண்டிருக்கிறாள்.

யாரிடமும் சொல்லவில்லை; கேனை விட்டால் குடிக்க வேறு தண்ணீரும் இல்லை, வெறும் ஊகத்தை வைத்து அவளைப் பயமுறுத்தவும் மனமில்லை. தண்ணீர் பிளாண்ட்காரரிடம் போய்ச் சண்டை போடவும் கையில் ஆதாரம் இல்லை. மதுரையில் நான் பொருள் வாங்கும் மீன் கடைக்காரருக்கு, மாடிக்குப் போய் நின்று போன் செய்தேன். என்னைவிட இருபது வயது இளையவர், ஆனால் தொட்டி விஷயத்தில் எனக்கு அவர்தான் மருத்துவர்.

“மீனு எப்படி இருக்கு அண்ணாச்சி?” என்றார்.

“நல்லா இருக்கு. தீனி எடுக்குது.”

“நத்தை, எறாலு?”

“ஒண்ணுகூட மிஞ்சல.”

“அப்ப செம்பு அண்ணாச்சி. அந்த அளவ மீனு தாங்கிக்கிரும், மத்தது தாங்காது. தண்ணி எங்கயோ செம்புல படுது. பாருங்க.”

வீட்டில் எல்லாம் பிளாஸ்டிக் பைப். தொட்டி மோட்டாரைப் பிரித்துப் பார்த்தேன், ஒயர் ஒன்றும் வெளியே தெரியவில்லை. மறுநாள் டிப்போவுக்கு லீவு சொல்லி, காரியாபட்டி வழி பஸ்ஸில் மதுரைக்குப் போய், செம்பு அளக்கும் மருந்து வாங்கிக்கொண்டு மூன்று மணிக்குத் திரும்பினேன். சாப்பாட்டு மேசையில் மூன்று குப்பிகள் வைத்தேன். புதுக் கேன், டிரம், தொட்டி. மலர் எதிரே சோபாவில் உட்கார்ந்து, டம்ளரில் தண்ணீர் குடித்தபடி வேடிக்கை பார்த்தாள்.

கேன் தண்ணீர் நிறம் மாறவில்லை. வெகுநாளைக்குப் பிறகு முழு மூச்சு விட்டேன். தொட்டித் தண்ணீரில் இளநீலம். டிரம் தண்ணீரில் அதைவிடக் கூடுதல் நீலம். என் இரண்டு வைத்தியத்துக்கும் உப்புக் கரைத்தது அந்த டிரம் தண்ணீரில்தான்.

“கேன்ல இல்லாதது டிரம்முல எப்படி வரும்?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

மனைவி அடுக்களையிலிருந்து சொன்னாள்: “செம்புக் கொடத்துல மிஞ்சுறத அதுலதானங்க ஊத்துறேன். நல்ல தண்ணியக் கீழயா கொட்டச் சொல்லுறீக?”

மலர் வந்த அன்றே மனைவி தன் கல்யாணச் சீர் செம்புக்குடத்தை இறக்கியிருக்கிறாள். செம்பில் வைத்த தண்ணீர் பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லது என்று, புளி போட்டுப் பளபளக்கத் தேய்த்து, ராத்திரி கேன் தண்ணீரை நிரப்பி வைப்பாள். காலையில் மிச்சம் இருப்பதை டிரம்மில் ஊற்றிவிட்டு மறுபடி தேய்ப்பாள். எங்கள் பக்கம் அரிசி களைந்த தண்ணீரையே செடிக்குத்தான் ஊற்றுவார்கள். குடிதண்ணீரைத் தரையில் கொட்டும் கை இங்கே யாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அதே கேன் தண்ணீர், அதே டிரம். அவள் கணக்கில் என்ன பிழை?

ஆனால் அப்போது இதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. நான்காவது குப்பியில் குடத்துத் தண்ணீரை எடுத்துச் சொட்டு விட்டேன். நீலம் ஏறியது, நிற்காமல் ஏறிக்கொண்டே போனது, நிற அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டியது. நிமிர்ந்தேன். மலர் கையில் டம்ளர். அதை எப்படிப் பிடுங்கினேன் என்று தெரியாது. அவள் நைட்டியெல்லாம் தண்ணீர்.

மனைவி வந்து குப்பியையும் என் முகத்தையும் பார்த்தாள். “ஏங்க, பிள்ளைக்கு எதுவும் ஆயிருமா?” என்றாள். எந்தப் பிள்ளையைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

நாலரைக்கு டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தோம். நாலு குப்பிகளையும் இரண்டு நோட்டையும் அவர் மேசையில் வரிசையாக வைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கருவியை மலரின் வயிற்றில் வைத்து எங்களையும் கேட்கச் சொன்னார். தறி ஓடுவது போலப் பிள்ளையின் இதயத் துடிப்பு விடாமல் வந்தது. நத்தைக்கு ஆகாத அளவு வேறு, மனுசருக்கு ஆகாத அளவு வேறு என்றார். எட்டாம் மாதத்தில் வாந்தி பலருக்கும் வருவதுதான், செம்பால்தான் என்று சொல்ல முடியாது; இருந்தாலும் இனி எவர்சில்வரில் குடிக்கட்டும் என்றார். பிறகு என் கட்டங்களைப் பார்த்தார். தினமும் காலையில் பிள்ளை அசைவதை எண்ணச் சொன்னார்: ரெண்டு மணி நேரத்தில் பத்து. குறைந்தால் உடனே வர வேண்டும்.

“நீங்களே எழுதுங்க. ஒங்களுக்கு அது நல்லா வரும்போல” என்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் மலர் என் தோளை இடித்தாள். “நான் நத்தை இல்லப்பா.”

மனைவி சிரிக்கவில்லை. மகளின் கையைப் பிடித்தபடி, “நாந்தான குடுத்தேன்” என்றாள்.

“ரெண்டு தடவ தண்ணி மாத்துறேன்னு டிரம்மத் தூக்கி ஊத்துனது நான்” என்றேன். அதற்கு மேல் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நடந்ததில்லை.

தோல்பவளம் நாலு நாளில் கரைந்தது. மென்பவளத்துக்கு எலும்பு கிடையாது. செத்தால் எடுத்துவைக்க ஒரு சில்லுகூட மிஞ்சாது. மீன்கள் மதுரைக்குப் போயின, தொட்டி ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனது. வடக்குச் சுவர் ஓரம் இப்போது பிரிட்ஜ் நிற்கிறது. ஆறரைக்கு ஊதா விளக்கு எரிய, மலர் வாயில் பிரஷோடு வந்து “இன்னைக்கு எத்தன செத்துச்சு?” என்று கேட்ட அந்தக் கூடம் இல்லை. மலர் பிள்ளையோடு ஓசூரில் இருக்கிறாள். நாங்கள் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நாட்கள் திரும்ப வரவில்லை. வர வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் ஏணியிலிருந்து இறங்கியதும் நோட்டைத் தேடி எடுத்தேன்.

டாக்டரைப் பார்த்து வந்த மறுநாள் காலை முதலில் செய்த காரியம் அதில் இருக்கிறது. தொட்டி விளக்கைப் போடவில்லை, எதையும் அளக்கவில்லை. மலர் இட்லி சாப்பிட்டுவிட்டு இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தாள். அறை வாசலில் நாற்காலி போட்டு, நோட்டில் புதுப் பக்கம் புரட்டி உட்கார்ந்தேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவில் சாய்ந்து நின்றாள். ஏழு பன்னிரண்டு. ஏழு இருபது. ஏழு முப்பது. பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினேன். ஏழு முப்பத்து நாலு.

“ஒண்ணு” என்றாள் மலர்.