மங்களம் இல்லாத படம்

சிராங்கூன் ரோடு பக்கத்துச் சினிமாக் கொட்டகையில் டார்ச் அடித்து இடம் காட்டுகிறவர் அவர். ஒல்லி உடம்பு, காக்கிச் சட்டை, நாடக ராஜாவைப் போல நிமிர்ந்த நடை.

அன்று என் மனைவி பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்தாள். மாலைவரை உள்ளே விடமாட்டார்கள். பயத்தை மறக்க அங்கே மேட்னிக் காட்சிக்குப் போனேன். பழைய கிரேக்க நாடகத்தை இந்தக் காலத்துக் கோட்டும் காருமாக எடுத்த இங்கிலீஷ் படம். பேச்சு பாதிதான் புரிந்தது. கடைசியில் தாயும் பிள்ளையும் செத்தார்கள்; உடனே விளக்கைப் போட்டுவிட்டார்கள். எழுந்து ஓடப் பார்த்தேன்.

"இருங்க தம்பி," என்றார் டார்ச்காரர். "நாங்க நாடகம் போட்டப்ப எத்தனை பேர் செத்தாலும் மங்களம் பாடாம திரை விடமாட்டோம். செத்தவனும் எழுந்து நின்னு பாடுவான். இந்தப் படத்துல அது இல்ல லா."

காலி நாற்காலிகளைப் பார்த்து நின்று, தாழ்ந்த குரலில் பாடத் தொடங்கினார். ஒவ்வொரு காட்சிக்கும் பாடுவாராம்.

"முதலாளி ஏசமாட்டாரா அண்ணே?" என்றேன் நடுவில்.

"ஏசுவாரு. முடிச்ச பிறகுதான் ஏசுவாரு."

பஸ் போய்விடுமே என்ற கவலையிலும் அவர் முடிக்கும்வரை நான் நகரவில்லை.

பெண் குழந்தை. இருவரும் சுகம். அந்தப் பாட்டினால் இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்குப் படிப்பும் இல்லை, தைரியமும் இல்லை.