முதல் ‘வேண்டாம்’ கணக்கில் வராது

போன வெள்ளிக்கிழமை மத்தியானம், ஒரு பொரித்த மீனால் எங்கள் வீட்டில் ஒரு சிநேகம் முறியப் பார்த்தது.

குவைத்தில், ஃபஹாஹீலில் எங்கள் ஃபிளாட்டின் இன்னொரு ரூமில் இருப்பவர் ரோசலி. பிலிப்பைன்ஸ்காரர், நர்ஸ். கிச்சன் பொது. என் மனைவி ஜெசி தூத்துக்குடியிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நான் சைட்டுக்குப் போய்விட்டால் அவளுக்குப் பேச்சுத்துணை ரோசலி மட்டுமே.

ரோசலி தட்டோடு உட்காரும்போது யார் கடந்து போனாலும் கூப்பிடுவார் — “காயின் தாயோ!” வாங்க, சாப்பிடலாம் என்று அர்த்தம். ஜெசி தினமும் சிரித்து நழுவிவிடுவாள். வெள்ளிக்கிழமை அவளுக்கே சங்கடமாகிவிட்டது. “எத்தன நாளைக்குத்தான் வேண்டாம்னு சொல்ல? தப்பா நெனைக்க மாட்டாவளா?”

உட்கார்ந்தே விட்டாள்.

ரோசலி திகைத்துப்போனார். தட்டில் சோறு, ஒரே ஒரு மீன். ஸ்பூனாலும் ஃபோர்க்காலும் அதைப் பாதியாகப் பிரித்து வைத்தார். சாப்பிட்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாளிலிருந்து சாப்பிடும்போதெல்லாம் தட்டை ரூமுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜெசி வாடிப்போனாள். “நான் என்னங்க செஞ்சேன்?”

நானே போய்க் கேட்டேன். ரோசலி வாயைப் பொத்திக்கொண்டார். “அது மரியாதைக்குச் சொல்றது, பிரதர்! பதிலுக்கு ‘தேங்க்யூ, வயிறு ஃபுல்’னு சொன்னா… கலாஸ், அதோட முடிஞ்சுது. ஜெசி உட்கார்ந்ததும் பாவம், பசியோன்னு பயந்துட்டேன். கொடுக்கவும் போதலை, அவளை முன்னால வெச்சுக்கிட்டு நான் மட்டும் சாப்பிடவும் மனசு வரலை.”

கேட்டுக்கொண்டிருந்த ஜெசி பதறினாள். “அய்யோ, அர வயித்தோடயா டியூட்டிக்குப் போனாவ!”

மறுநாளே சோறும் மீன் குழம்புமாக ரோசலியின் கதவைத் தட்டினாள். ரோசலி தன் ஊர் வழக்கப்படி, “தேங்க்யூ, வயிறு ஃபுல்” என்றார். எங்கள் ஊர் வழக்கம் சும்மா விடுமா? ஜெசி சோற்றைப் போட்டாள். “நோ, நோ” என்றார். குழம்பை ஊற்றினாள்.

கடைசியில் ரோசலி சாப்பிட்டார். இன்னொரு கரண்டியும் வாங்கிக்கொண்டார். “ஜெசி, நான் வேண்டாம்னு சொன்னது உனக்குக் கேட்கலையா?”

ஜெசி தன் இங்கிலீஷில் விளக்கினாள். “மை பிளேஸ்… ஃபர்ஸ்ட் நோ, நாட் நோ.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்கும் நிம்மதி.

யோசித்துப் பார்த்தால், நாம் மட்டும் என்ன? தெருவில் பார்க்கிறவரை எல்லாம் “சாப்டாச்சா?” என்று கேட்கிறோம். சாப்பாடு போடவா கேட்கிறோம்?

அதையும் ரோசலிக்கு ஜெசி கற்றுக்கொடுத்திருக்கிறாள். நேற்று என்னை வாசலிலேயே மறித்து, “பிரதர், சாப்டாச்சா?” என்றார். “இன்னும் இல்லை” என்றேன்.

‘இன்னும் இல்லை’ என்றால் அடுத்து என்ன சொல்வது என்பதை ஜெசி சொல்லித்தரவில்லை போலிருக்கிறது… ரோசலி ஓடிப்போய் ஒரு தட்டை எடுத்துவந்துவிட்டார்!