நெவிலின் குப்பைப் பை

நார்ஃபோக்கில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற நெவிலை, உலோகம் தேடும் கருவியோடு வயல் வயலாக அலையும் கூட்டத்தார் ‘குப்பைக்காரர்’ என்றுதான் கேலி செய்வார்கள். கருவி கத்தும், தோண்டினால் துருப்பிடித்த ஆணியோ பீர் டப்பா மூடியோ வரும். மற்றவர்கள் அதை வேலியோரம் வீசிவிட்டு நடப்பார்கள். நெவில் இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு, குழியையும் மூடிவிட்டுத்தான் நகர்வார். நிலத்துக்காரர் அனுமதித்தது தேடத்தான், நாசம் பண்ண அல்ல என்பது அவர் கட்சி.

இருபது வருஷமாக அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. மண்ணில் கிடக்கும் பொன்னைத் தன் கையால் முதலில் தொடவேண்டும்.

அறுவடை முடிந்திருந்த மிஸஸ் கிரேவ்ஸின் வயலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அது வாய்த்தது. உழவு மண்ணுக்குக் கீழே ஒரு பானையின் விளிம்பு. உள்ளே மஞ்சளாகக் காசுகள். நெவில் கையை இழுத்துக்கொண்டார்.

“எடுய்யா!” கூட வந்த டென்னிஸ் குதித்தார். “என்ன வேடிக்கை பார்த்துட்டு இருக்க?”

“எடுத்தா கெட்டுச்சு. எது மேல எது இருந்துச்சுன்னு அப்புறம் எவனுக்கும் தெரியாது. அதிகாரி வந்து எடுக்கட்டும்.”

“ஒரே ஒரு காசு! யாருக்குய்யா தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

மிஸஸ் கிரேவ்ஸிடம் சொன்னார். தொல்பொருள் அதிகாரி இமோஜெனுக்குப் போன் போட்டார். காலையில் வருவதாகவும், அதுவரை யாரிடமும் மூச்சு விடவேண்டாம் என்றும் அவள் சொன்னாள். புதையலை அறிவிக்காமல் இருப்பது குற்றம். கிடைக்கும் பரிசில் நிலத்துக்காரருக்கும் பங்குண்டு. அதிலெல்லாம் நெவிலுக்கு வருத்தமில்லை. தொடாமல் திரும்புவதுதான் உறுத்தியது. மண்ணைத் தள்ளி மூடி, பையை அவிழ்த்து, ஆணிகளைச் சுற்றுவட்டாரமெங்கும் விதைப்பதுபோல் இறைத்தார். பானைக்கு நேர் மேலே மிச்சத்தைக் கொட்டி மிதித்தார்.

டென்னிஸுக்கு ஓட்டை வாய். அன்று மாலையே பப்பில் ஊர் கேட்கப் பேசிவிட்டார்.

மறுநாள் காலையில் வயலெங்கும் குழிகள். இரவில் திருடர்கள் புகுந்திருந்தார்கள். நெவிலுக்கு உயிரே போய்விட்டது. இமோஜென் ஒரு குழியில் எட்டிப் பார்த்தாள். ஆணி. அடுத்ததிலும் ஆணி.

“கருவி கத்தின இடமெல்லாம் ஆணி பொறுக்கியே அலுத்துப் போயிருப்பானுங்க,” என்று சிரித்தாள். பானை இருந்த இடத்தில் ஒருவனும் கை வைக்கவில்லை.

பானையைச் சுற்றியிருந்த மண்ணோடு கட்டுப்போட்டு, அப்படியே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோக ஏற்பாடு நடந்தது. நெவில் அந்தப் பக்கம் போகாமல், மண்டியிட்டுக் குழிகளை மூடி, ஆணிகளைப் பைக்குள் பொறுக்கிக்கொண்டிருந்தார். டென்னிஸ் தலையைத் தொங்கப்போட்டபடி வந்தார்.

“அவனுங்க தோண்டினதை நீ ஏன்யா மூடுற?”

“அந்தம்மா என்னை நம்பித்தானே வயலுக்குள்ள விட்டாங்க. நீயும் குனி.”

டென்னிஸ் குனிந்தார்.

“நெவில்! செம கனம். அடியில ஒரு கை குடுங்க,” என்று இமோஜென் கூப்பிட்டாள்.

கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடினார். பொன் எங்கோ மண்ணுக்குள் இருந்தது. கனம் மட்டும் கையில் இறங்கியது. அழுகை வந்தது, அடக்கவில்லை. வண்டி வரைக்கும் வேறு யாரையும் கை மாற்ற விடவில்லை.