இசட் டிரைவில் இருந்த குரல்

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சென்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். சிவில் துறையில் நிலவியல் பாடம் எடுத்த சார் ஒருவரும் அதே பஸ்ஸில்தான் வருவார். என்னைவிட மூத்தவர். ஏறியதிலிருந்து இறங்கும்வரை பேசிக்கொண்டே வருவார். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று முந்திப் போனால் போதும், "மேடம், அதுல போறது கல்லு இல்ல, கடலு" என்று ஆரம்பித்துவிடுவார். நம் ஊரெல்லாம் கடலடியில் கிடந்த கதையை அவர் சொல்லும்போது, முன்சீட்டில் தூங்கி வழிகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு மார்கழியில் அவர் குரல் கம்மியது. சளி என்றார், பிறகு சாக்பீஸ் தூசி என்றார். பொங்கல் கழிந்தும் சரியாகாததால் திருச்சியில் போய்க் காட்டினார். அடுத்த வாரம் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"தொண்டையில கட்டி மேடம். குரல்வளையவே எடுத்துரணும்ங்கறாங்க."

"அப்புறம் பேச்சு?"

இருக்காது என்று தலையை ஆட்டினார். பிறகு லேப்டாப்பை என் மேஜைமேல் வைத்தார்.

"ஆபரேசனுக்குள்ள பாடம் பூராத்தையும் பேசி வச்சிரலாம்னு பாக்கறேன். இத நம்ம இசட் டிரைவ்ல சேர்த்து விட்டுடுங்க."

எங்கள் கல்லூரிக்குப் பொதுவான சேமிப்பு ஒன்று உண்டு. கோப்புகள் எல்லாம் என் அறையின் சர்வரில் இருக்கும். எந்த வகுப்புக் கம்ப்யூட்டரிலிருந்தும் திறக்கலாம். திரையில் அது இசட் என்ற எழுத்தோடு தெரிவதால் எல்லாருக்கும் அது இசட் டிரைவ். சொந்த லேப்டாப்பை அதில் இணைக்க முதல்வரின் அனுமதி வேண்டும். காரணத்தைக் கேட்டதும் அவர் உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நானே இணைத்துத் தருகிறேன் என்றேன். சார் கேட்கவில்லை. "சொல்லுங்க, நான் பண்றேன். அறுந்துபோனா ஒவ்வொரு தடவையும் உங்களக் கூப்பிட முடியுமா?" என்றார். சர்வர் பெயருக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போடச் சொன்னேன். போட்டார். இணையவில்லை.

"கோடு எதிர்ப்பக்கம் சாயணும் சார்."

"இதுக்குக்கூட திசை இருக்கா!" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. தண்ணீர் கொடுத்தேன். மறுபடி அடித்தார். அடுத்து பாஸ்வேர்டு தவறு என்றது. பயனர் பெயருக்கு முன் கல்லூரியின் அடையாளத்தையும் சேர்த்து அடிக்கச் சொன்னேன். இசட் வந்து நின்றது. அதற்குள் ஒரு ஃபோல்டர் திறந்து, தன் பாடத்தின் பெயரைத் தமிழில் எழுதினார்.

என் அறைக்கு அடுத்திருந்த சின்ன அறையில்தான் பதிவு செய்தார். மின்விசிறிச் சத்தம் விழும் என்று அதை நிறுத்திவிடுவார். மாசி வெயில். சுவருக்கு இந்தப்புறம் எனக்குப் பாடம் கேட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் குரல் அடைத்துக்கொள்ளும். வெந்நீர் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குவார். சட்டை நனைந்து வெளியே வருவார். அங்கே உட்கார்ந்து அவர் தன் குரலைச் செலவழித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். நிறுத்தச் சொல்லவும் முடியாது.

பதிவு முடிந்த அன்று பஸ்ஸில் அவர் வாயே திறக்கவில்லை. நான் பார்ப்பதைக் கவனித்து, "மிச்சம் இருக்கறத வூட்டுக்குக் கொண்டு போறேன் மேடம். நாளைக்கு அட்மிட் ஆகணும்" என்றார். எனக்கு அவர் சொன்ன கடைசி வார்த்தைகள் அவை.

கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்து சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்தார். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி. அதன் பின்னால், கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் மூச்சு. முதல் வகுப்பில் கம்ப்யூட்டர் ஏதும் மக்கர் செய்யாமல் இருக்க என்னையும் வரச் சொல்லிச் சைகை காட்டினார். இசட் டிரைவைத் திறந்து பாடத்தை ஓட விட்டேன். அவர் பலகையருகே நின்று, குரல் சொல்லச் சொல்ல வரைந்தார். நடுவில் அவர் எப்போதும் சொல்லும் வேடிக்கை ஒன்று வந்தது. பிள்ளைகள் சிரிப்பதற்காகப் பதிவில் கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த இடைவெளி முடிவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

பிறகு ஒரு பெண் எழுந்து சந்தேகம் கேட்டாள். அவர் சட்டென்று திரும்பி, பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் நிற்காமல் அடுத்த விஷயத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் நிறுத்தினேன். அவர் பலகையில் பதில் எழுதத் தொடங்கினார். அந்தப் பெண்ணோ, "பரவால்ல சார், புரிஞ்சிருச்சு சார்" என்று உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்தப் பருவம் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டார். ஏன் சார் என்று கேட்டதற்குப் போனில் தட்டிக் காட்டினார்: 'ஸ்பீக்கர்ல பேசறவன் நல்லாத்தான் நடத்துறான். நடுவுல நான் எதுக்கு?'

சில மாதங்கள் கழித்து அவர் மனைவி அந்த லேப்டாப்போடு கல்லூரிக்கு வந்தார்.

"அவரு குரலு இதுல இருக்குனு பையன் சொன்னான். இசட்டுனு ஒண்ணு இருக்கு, தொட்டா செவப்பா பெருக்கல் குறிதான் வருதுங்க."

கல்லூரிக்குள் இருந்தால்தான் அது இணையும் என்று விளக்கி, அங்கேயே இணைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். படிவுப் பாறைகள் பற்றிய பாடம். அசையாமல் கேட்டார். முடிந்தபின் ஹெட்போனைக் கழற்றாமலே பேசினார்.

"ஆபரேசனுக்கு மொத நாளு ஏதாச்சும் பேசுவாருன்னு பாத்தேங்க. எங் கையப் புடிச்சிக்கிட்டு உக்காந்தே இருந்தாரு. பேச வாயெடுத்தா அவருக்கு அழுகதான் வந்துச்சு. விடிஞ்சதும் போயிட்டோம்."

முதல்வரிடம் கேட்டு, எல்லாப் பாடங்களையும் அந்த லேப்டாப்பிலேயே நகல் எடுத்துக் கொடுத்தேன்.

"ஒண்ணும் வெளங்கலதான். இருந்தாலும் கேக்கலாம்" என்று பையில் வைத்துக்கொண்டார்.

போன சித்திரையில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த அம்மா சமையலறையில் பாடத்தை ஓடவிட்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். கொல்லையிலிருந்து சார் உள்ளே வந்ததும் அவசரமாக நிறுத்தினார்.

"அவரு இருக்கறப்ப போடமாட்டேன்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

சார் அவரைப் பார்த்தார். பிறகு ஓடட்டும் என்று கையை அசைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடல் பின்வாங்கிய கதை. குரல் சொல்லச் சொல்ல அவர் உதடுகளும் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன. கொஞ்ச நேரம் அப்படியே போயிற்று. ஓரிடத்தில் அடுத்த சொல் அவருக்கு மறந்துவிட்டது. உதடுகள் நின்றன, குரல் மேலே போயிற்று. அந்த அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.