விஜயலெட்சுமி தூக்கிய கை

மடுல்சீமைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் விஜயலெட்சுமிக்குக் காது போனது காசநோய் ஊசியால். முதலில் கொடுத்த மருந்துக்கு நோய் அடங்காமல் மறுபடியும் இரத்தம் துப்பியபோது, "இந்த ஊசியால காது போகலாம். போடாட்டி உசுரு போயிடும்" என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார்கள். உயிர் தங்கியது. காதுக்குள் கொஞ்ச காலம் சில்வண்டு இரைந்தது. பிறகு அதுவும் ஓய்ந்துவிட்டது.

மகள் சுதர்ஷினி அதற்குப் பின் பிறந்தவள். அழுதால் தெரிய வேண்டுமே என்று, பிள்ளையின் வயிற்றில் கை வைத்தபடியே படுத்து எழுந்தாள் விஜயலெட்சுமி.

சுதர்ஷினி வளர்ந்து பதுளையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். காதுக்குள் கருவி பதித்தால் கேட்கும் என்று அங்கே யாரோ சொல்ல, அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிப் போனாள்.

அங்கே காது டொக்டர் ஸஜீதாவும் பதுளைப் பக்கத்தைச் சேர்ந்தவர்தான். உதடு தெரியும்படி நிதானமாகப் பேசினார். "மொதல்ல நரம்பு எப்படி இருக்குன்னு பார்க்கணும்மா. ஊசி வழியா கொஞ்சமா மின்சாரம் கொடுப்பேன். சத்தம் மாதிரி ஏதாவது தெரிஞ்சா கையத் தூக்குங்க."

காதுக்குள் மெல்லிய ஊசி இறங்கியது. விஜயலெட்சுமி காத்திருந்தாள். ஒன்றுமில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

விஜயலெட்சுமி கையைத் தூக்கினாள். மகளின் முகம் மலர்ந்தது. மறுபடியும் தூக்கினாள்.

டொக்டர் ஊசியை எடுத்துவிட்டு, அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "நான் மின்சாரம் கொடுக்காதப்பவும் தூக்குனீங்களேம்மா."

விஜயலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நரம்புக்கு என்னங்க ஆச்சு?" என்றாள் உள்ளே வந்த சுதர்ஷினி.

"சத்தத்த வாங்குற சின்னச் செல்லெல்லாம் அந்தக் காசநோய் ஊசியால செத்துடுச்சு. நரம்புச் செல்லுக்கு வளர்ச்சிப் புரதம் அங்கருந்துதான் கெடைக்கும். அது நின்னா நரம்பு மெலிஞ்சுக்கிட்டே போகும். கருவி வச்சு மின்சாரம் கொடுத்தாலும் சரியாத் துடிக்காது."

"அந்தப் புரதத்த நம்ம கொடுக்க முடியாதுங்களா?"

"ஆய்வுக்கூடத்துல மிருகங்களோட செல்லுக்குக் கொடுத்துப் பார்த்திருக்காங்க. ஒரு புரதத்துக்கு செல் சட்டுன்னு துடிச்சு அடங்குது, இன்னொண்ணுக்கு விடாமத் துடிக்குது. மனுசக் காதுக்கு எது, எவ்வளவுன்னு இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்காங்க. அம்மாவுக்கு இப்ப கொடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல."

விஜயலெட்சுமிக்குக் கடைசியாகச் சொன்னது மட்டும் புரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் சுதர்ஷினி அம்மாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக் கேட்டாள். "ஏம்மா பொய்யாக் கையத் தூக்குனீங்க?"

"நீ நகத்தக் கடிச்சுக்கிட்டு நின்னியே, பார்க்க முடியலடி."

சுதர்ஷினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. ஏதோ சொல்லிச் சொல்லி அழுகிறாள் என்று தெரிந்தது. வாய் தெரியவில்லை. என்ன சொன்னாள் என்று விஜயலெட்சுமி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.